சித்திரையில் சொன்ன விரால்

கொக்கியில் மண்புழுவைக் கோத்ததும் அத்தாயி அதைக் கண்ணருகே கொண்டுபோய் ஒருமுறை பார்க்கிறாள். பிடித்திருந்தால் தண்ணீரில் போடுகிறாள். பிடிக்காவிட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறு புழுவை எடுக்கிறாள். தின்னப்போவது மீன், இவளுக்கு எதற்குப் பிடிக்க வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு அதே ஊரில் குடியிருப்பது கஷ்டம்.

மலைமேல் அரியூர் நாட்டில் மரவள்ளியும் கேழ்வரகும் போடுகிற வீடு அவளுடையது. வயது ஐம்பதுக்குப் பக்கத்தில். சேலைக்கு மேல் கணவன் குப்புசாமியின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் பாலித்தீன் பையில் சுற்றிய செல்போன். காட்டு வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும், ஊருக்குக் கீழே வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஏரிக்கு வந்துவிடுகிறாள். கோல் மூங்கில். தக்கை, தேய்ந்துபோன ரப்பர் செருப்பிலிருந்து நறுக்கியது. அந்த வீட்டில் குப்புசாமியின் செருப்புத்தான் தேயும். சில சமயம் தேய்வதற்கு முன்பே தக்கையாகிவிடும்.

வாசலூர்பட்டியில் படகுச் சவாரி போய்விட்டு, வழி தவறி இந்தப் பக்கம் வரும் கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கி, "மீன் இருக்குதாங்க?" என்று கேட்பார்கள்.

"இருக்குதுங்க. வராது" என்பாள் அத்தாயி, தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல். சிலர் சிரிப்பார்கள். அவள் வேடிக்கைக்குச் சொல்வதில்லை. ஏரியில் மீன் எப்போதும் இருக்கிறது, அது வருகிற மாதம் வேறு, வருகிற இடம் வேறு என்பதுதான் அவள் சொல்வது. அதை விளக்க அவளுக்கு நேரமில்லை.

மார்கழி, தை மாதங்களில் விடிந்ததும் வந்து உட்காருகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும். மலைக்குளிரில் மீன் அடியில் போய்ப் படுத்துவிடும். வெயில் தண்ணீரைத் தொட்ட பிறகு வந்தால் போதும். கிழக்கே மலை மறைப்பதால் மேற்குக் கரையில்தான் முதல் வெயில் விழும், அங்கேதான் உட்கார வேண்டும், அதுவும் சின்னப் புழுவோடு. பங்குனியில் ஜிலேபி மீன் கரையோரம் தட்டுத் தட்டாகக் குழி பறித்துக்கொண்டு காவல் நிற்கும். கேழ்வரகுக் களியை உருட்டிப் போட்டால் பசியில் இல்லாவிட்டாலும் கோபத்தில் கடிக்கும். சித்திரையில் தண்ணீர் வற்றி, விரால் மூச்சு விட மேலே வந்து வந்து போகும். எங்கே மூழ்கியதோ அங்கிருந்து இரண்டு முழம் தள்ளித் தவளையைப் போட வேண்டும். ஆடிக்காற்றில் தக்கை எங்கே என்றே தெரியாது. அப்போது காற்று மோதுகிற கரைக்குப் போய், தூண்டில் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவாள். பார்த்தவர்கள் தூங்குகிறாள் என்று நினைப்பார்கள். ஐப்பசி மழையில் புதுத்தண்ணீர் இறங்கினால் கெண்டை ஓடை வாயில் எதிரேறும். இதற்கு ஒரு வித்தையும் வேண்டாம், நனைந்தால் போதும்.

ஐப்பசியில் அவள் தொடாத மீன் ஒன்று உண்டு, குஞ்சோடு இருக்கும் விரால். கோரைப் புல் ஓரத்தில் ஒரு கை கேழ்வரகைக் கொட்டிவிட்டாற்போல் செக்கச்செவேலென்று குஞ்சுகள் மிதக்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். கிட்டே எது போனாலும் பாய்ந்து கடிக்கும், தூண்டில் என்றும் பார்க்காது. அதைப் பிடிப்பதைப்போல் சுலபம் வேறில்லை. காவல் போனால் ஜிலேபிகள் மதியத்துக்குள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

மூன்று வருஷம் முன்பு, பக்கத்துக் காட்டுக்காரன் செல்லமுத்து அப்படி ஒரு விராலைப் பிடிக்கப் போனபோது, அத்தாயி அவன் கோலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தாள். ஒரே ஒடியில் ஒடியவில்லை. மூங்கில் நல்ல மூங்கில். அவள் திரும்பத் திரும்ப முயன்றதை ஊர் நின்று பார்த்தது. அன்றிலிருந்து ஐப்பசியில் கோரை ஓரம் யாரும் போவதில்லை. செல்லமுத்து புதுக்கோல் வாங்கிக்கொண்டு எதிர்க்கரைக்குக் குடிபெயர்ந்தான். அங்கிருந்து அவளைப் பார்த்தபடியே மீன் பிடிக்கிறான்.

இப்படிப்பட்ட அத்தாயிதான் போன சித்திரையில் வாயை விட்டாள்.

மகள் கலைமணி ராசிபுரத்தில் ஜவுளிக்கடையில் வேலைக்கு இருந்தவள். லாரிக்குப் பாடி கட்டுகிற சதீஷ்குமாரைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவன் அம்மா மயிலாத்தாளையும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அவள் இவர்களிடம் பேசுவதே இல்லை. கல்யாணம் பேசி முடிக்க ஒரே ஒருமுறை மலையேறி வந்தாள். தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தாள், பிளாஸ்க்கில் காப்பியும் கொண்டுவந்தாள். அத்தாயி வைத்த காப்பி டம்ளரில் ஆடை கட்டி ஆறியது. "பஸ்சுல வளைவு வளைவா வந்துதுங்களா, வகுறு சரியில்லீங்க" என்றாள். பிறகு சோளக்காடு என்கிற ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அதே வயிற்றோடு கடைச் சோடாவும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டதைக் குப்புசாமி பார்த்துவிட்டு வந்து சொன்னான். மலைக்காரர் வீட்டில் கை நனைத்தாள் என்று கீழே சொந்தபந்தம் பேசிவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அத்தாயிக்கு அன்று உள்ளே எரிந்தது. மகள் வாழப்போகிற வீடு என்பதால் வாயைக் கட்டிக்கொண்டாள்.

அந்தச் சித்திரையில், அப்போதுதான் கரையேற்றிய விரால் புல்லில் துள்ளிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை போன் பண்ணினான். அம்மா வைகாசியில் வந்தாலும் வரலாம் என்றான்.

"அவங்களுக்கு விரால்னா உசுருங்க அத்தை. முள்ளு மீன் மட்டும் தொடமாட்டாங்க, தொண்டையில சிக்கிக்குமுன்னு பயம். ஜிலேபிய சாக்கடை மீனும்பாங்க."

"வரச்சொல்லுங்க சாமி. வந்தா விரால் கொழம்பு. சொல்லிப்போட்டேன்" என்றாள் அத்தாயி.

எந்த மாதம் எந்த மீன் என்று ஊருக்கே சொல்கிறவள், மாதம் சொல்லாமல் மீனைச் சொல்லிவிட்டாள். வைகாசியில் அவர்கள் ஊரில் மாரியம்மன் நோன்பு வந்தது. ஆடியில் சம்பந்தி வீட்டுக்குப் போகக் கூடாது என்றார்கள். ஆவணியில் கடலை பிடுங்கினார்கள். புரட்டாசியில் அந்த வீட்டில் கவுச்சி இல்லை. ஐப்பசி பிறந்ததும் கலைமணி போன் பண்ணினாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம வாரோம்மா. விரால் கெடைக்குமில்ல? அத்தை அங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டாங்க, மலை விராலு திங்கத்தான் போறேன்னு."

அத்தாயிக்குப் புரிந்தது. சம்பந்தி வீட்டில் சாப்பிடப் போகிறேன் என்று சொல்ல வாய் வராதவள், மீனைச் சாக்காக வைத்திருக்கிறாள். மீன் இருந்தால் சாக்கு நிற்கும், சாப்பாடும் இறங்கும். இல்லையென்றால் தண்ணீர் பாட்டில்தான். அதோடு கலைமணி அந்த வீட்டில் காலத்துக்கும் மலைக்காரி.

கீழே பண்ணையில் வளர்ப்பு விரால் கிடைக்கும், வாங்கி வரட்டுமா என்று குப்புசாமி கேட்டான். கீழேயிருந்து வருகிறவளுக்குக் கீழேயிருந்து வாங்கிப் போடுவதா என்று அத்தாயி அவனைப் பார்த்த பார்வையில், மிளகுக் கொடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

வாரம் முழுக்க மழை. அத்தாயி ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வெள்ளம் ஏறிய வயல் ஓரம் தவளை போட்டாள், மதகடியில் போட்டாள், தாழை மறைவில் போட்டாள். தனி விரால் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. கோரை ஓரத்தில் மட்டும் குஞ்சுகள் தினமும் கொஞ்சம் பெருத்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் மலையடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டிவிட்டது என்று கலைமணி சொன்ன பிறகு, அத்தாயி தவளையைக் கோத்துக்கொண்டு கோரை ஓரத்துக்குப் போனாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டாள் என்றெல்லாம் இல்லை. மகளை நினைத்தாள், போனாள். குஞ்சுகள் தூறலில் மினுமினுத்தன. கோலை ஓங்கினாள்.

"பாத்துங்க்கா. குஞ்சு இருக்குது" என்றான் எதிர்க்கரையிலிருந்து செல்லமுத்து.

"தெரியும்."

அவன் தன் கோலைத் தூக்கிக் கரையில் வைத்தான். பிறகு, "சரி, புடிச்சுக்கோங்க" என்றான். "சம்பந்தி வாராங்கன்னு குப்புசாமி மாமன் சொல்லுச்சு. புள்ள வாழ்க்கையில்லீங்களா. நான் யாருகிட்டயும் மூச்சு உடமாட்டேன்."

சொல்லிவிட்டு அவன், அவளுக்குச் சங்கடமாக இருக்க வேண்டாம் என்று, முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான்.

அவன் ஏசியிருந்தால் அன்றைக்கு விரால் குழம்புதான். நான்கு வார்த்தை பதிலுக்கு ஏசிவிட்டுப் பிடித்துக்கொண்டு போயிருப்பாள். கோலை ஒடித்தவளுக்கு அவனே ரகசியம் காப்பது என்றால், அதைச் செரிக்க முடியவில்லை. ஓங்கிய கோலை இறக்கினாள். தவளையைக் கழற்றிப் புல்லில் விட்டாள். அது நொண்டிக்கொண்டு போனது.

"டேய், திரும்பு. ஓடை வாய்க்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஓடை வாயில் கெண்டை வரிசை கட்டிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் முள்ளுள்ள கெண்டை. குழம்புக்குப் போதுமான அளவு பிடித்து, நனைந்த சட்டையோடு வீட்டுக்குப் போனாள்.

மயிலாத்தாள் வந்து பாயில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தது. சதீஷ்குமார் சமையல்கட்டுப் பக்கம் மூக்கை நீட்டி, "வாசம் தூக்குதுங்க அத்தை" என்றான். அத்தாயி நேராக மயிலாத்தாளின் முன்னால் போய் நின்றாள்.

"விரால் இல்லீங்க. இருக்குது, குஞ்சோட இருக்குது. புடிக்கல."

மயிலாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பறம் என்ன கொழம்பு?"

"கெண்டைங்க."

"முள்ளு நெறைய இருக்குமே."

"இருக்குமுங்க."

கலைமணி இலை போட்டாள். சோறு வைத்து, குழம்பு ஊற்றி, இரண்டு துண்டு மீனும் வைத்தாள். மயிலாத்தாள் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை மடியில் இருந்தது.

"அம்மா, வேண்டாமுன்னா ரசம் ஊத்திக்கலாம்" என்றான் சதீஷ்குமார். கலைமணி ரசப் பாத்திரத்தோடு நின்றாள், முகம் செத்திருந்தது.

அத்தாயி இலைக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கையை நீட்டி மயிலாத்தாளின் இலையிலிருந்தே ஒரு துண்டை எடுத்தாள். நடுமுள்ளை உருவினாள். விரல் நுனியால் சதையைத் தடவித் தடவி, கவைக்கவையாக இருக்கும் பொடிமுள்ளை ஒவ்வொன்றாகக் களைந்தாள். எல்லாம் எடுத்தாகிவிட்டதா என்று கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு அந்தச் சதையைச் சம்பந்தியின் சோற்றின் மேல் வைத்தாள். வைத்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். குழம்பு ஒட்டிய ஐந்து விரலும் இன்னொருத்தி இலைக்கு மேல் இருந்தன. குப்புசாமி வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தான்.

மயிலாத்தாள் சோற்றோடு அந்தச் சதையைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மெதுவாக மென்றாள். இன்னொரு வாய் வைத்தாள். இலையில் சதை தீர்ந்தது. அவள் யாரையும் பார்க்காமல், முள் எடுக்காமல் மீதியிருந்த துண்டை ஒரு விரலால் இலையின் எதிர் ஓரத்துக்கு, அத்தாயி பக்கம், நகர்த்தி வைத்தாள்.