இரண்டு துறைக்கு நடுவில்

பெருமாள்மலையைச் சேர்ந்த ஆக்ஸிலியா, தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஐந்தாம் வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். சோலைமர வேர்கள் மலைச்சரிவின் மண்ணை எப்படிப் பிடித்து நிறுத்துகின்றன என்பது அவள் தலைப்பு. சிவில் துறை அதைத் தாவரவியல் என்றது. தாவரவியல் துறை அதை சிவில் என்றது. இரண்டும் இழுத்தடித்ததில் அவள் ஆய்வு அந்தரத்தில் நின்றது.

ஐப்பசி மழையில் அவள் ஊருக்கு வந்த பஸ், மலைப்பாதையில் மண் சரிந்து நின்றுவிட்டது. சரிவில் வேர்கள் அறுந்து கிடப்பதைக் கண்டதும் சிவில் பேராசிரியருக்குப் போன் செய்தாள்.

"சார், ஜேசிபி வர்றதுக்குள்ள வேரும் மண்ணும் எடுத்துரட்டுங்களா?"

"பாட்டனியில பெர்மிஷன் வாங்கிட்டு எடும்மா. இல்லாட்டி கமிட்டி ஒத்துக்காது."

தாவரவியல் பேராசிரியர் போனை எடுக்கவே இல்லை.

பக்கத்து சீட்டில் இருந்த ஊர்க்காரி சூசையம்மாள், "ஏம்மா, மண்ணு சரியிறதத்தானே நீ படிக்கிற? இம்புட்டு வருசமா என்னத்தக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டாள்.

"சொல்ல விட்டாத்தானேக்கா" என்றபடியே ஆக்ஸிலியா எழுந்தாள்.

அவள் இறங்கி ஓடுவதற்குள் ஜேசிபி வந்து, வேரோடு மண்ணைப் பள்ளத்தில் தள்ளத் தொடங்கியிருந்தது. ஓரத்தில் மிஞ்சியதைச் சாப்பாட்டு டப்பாவில் அள்ளிக்கொண்டாள். கமிட்டி அதை ஏற்காது என்று தெரிந்துதான் அள்ளினாள்.

பஸ் கிளம்பியதும் தாவரவியல் பேராசிரியர் திரும்ப அழைத்தார். விவரத்தைக் கேட்டுவிட்டு, "சிவில்ல என்ன சொன்னாங்க?" என்றார்.

அவள் போனை அணைத்தாள்.