கப்பல்காரனைக் கரை சேர்த்த பரீட்சை

ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் இரண்டாம் தாளுக்கென்று ஒரு கதைப் புத்தகம் இருந்தது. நான்-டீடெயில் என்போம். டீச்சர் மூச்சு விடாமல் வாசித்துவிட்டுச் சுருக்கத்தை டிக்டேட் செய்வார். மற்றப் பெண்கள் அதை நெட்டுருப் போடுவார்கள். எனக்கு நெட்டுரு வராது. அடித்தாலும் வராது. "இந்தத் தடவை இங்கிலீஷ்ல பெயிலானா படிப்புக்கு முழுக்குதான்" என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக் குழாயடியில்தான் எனக்கு வழி பிறந்தது. அந்தக் கதையைத் தமிழில் எடுத்துவிட்டால், வரிசையில் நிற்கும் பெண்கள் என் குடத்தை முன்னால் விட்டார்கள். கடலுக்குப் போன ஒரு கப்பல்காரன், வீட்டில் காத்திருக்கும் பெண்டாட்டி. பனி கொட்டியது என்றால் யார் நம்புவார்கள்? கொள்ளிடத்து வெள்ளமாக்கினேன். அவள் ரொட்டி கட்டிக் கொடுத்தாள், நான் புளிச்சோறாக மாற்றினேன். அடடா, என்ன ஜோர்! மறுநாளைக்குக் கதை வேண்டுமே என்று டவுனுக்குப் போகும் பஸ்ஸில் அகராதியும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். காவேரிப் பாலம் தாண்டுவதற்குள் இரண்டு பக்கம் முடிந்துவிடும்.

கடைசி அத்தியாயம் தூக்கிவாரிப்போட்டது. பாவி, கப்பல்காரன் மூழ்கிச் செத்துப்போகிறான்!

குழாயடியில் எதிர்வீட்டு அக்கா நிற்பாள். அவள் புருஷன் பினாங்குக்குப் போய் நாலு வருஷம். இரண்டு வருஷமாகக் கடுதாசி இல்லை. மற்றவர்கள் கதைக்கு நடுவே ஆயிரம் கேட்பார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "வந்துட்டானா?"

அந்த முகத்தைப் பார்த்துச் செத்தான் என்று சொல்ல நான் என்ன ராட்சசியா? "வந்துட்டான்க்கா!" என்றேன். தாடியும் மீசையுமாக வந்து இரண்டு தட்டுச் சோறு தின்றான். ஒருத்தி எனக்கு நெட்டி முறித்தாள். திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு என்று ஒரு வாரம் விடவில்லை.

முழுப் பரீட்சையில் அதுதான் கேள்வி: கதை எப்படி முடிகிறது? பேனா பறந்தது. தாடி, மீசை, சோறு, எல்லாவற்றையும் இங்கிலீஷில் பொழிந்து தள்ளினேன். பேப்பரைக் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டியபோதுதான் உறைத்தது. ஐயையோ! படிப்பு போச்சு என்று வீடுவரை அழுதேன்.

ரிசல்ட் அன்று டீச்சர் கூப்பிட்டார். "ஏண்டி, செத்தவன் எப்படிடி சோறு தின்னான்? பத்து மார்க் போச்சு. மத்ததெல்லாம் சொந்தமா எழுதியிருந்தே, பொழைச்சே. பாஸ்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகப் பையோடு குழாயடிக்கு ஓடினேன். "பாஸ்! பாஸ்! கப்பல்காரனை வீட்டுக்குக் கொண்டுவந்ததுல பத்து மார்க் போச்சு, அப்பவும் பாஸ்!"

"அப்போ புத்தகத்துல அவன் வரவே இல்லையா?" என்றாள் குடம் பிடித்துக்கொண்டிருந்தவள்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். எல்லோரும் எதிர்வீட்டு அக்காவைப் பார்த்தார்கள். அவள் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

"ஒரு ஆளு வீடு வந்து சேரப் பத்து மார்க்குதானா? எங்கிட்ட இருந்தா நூறும் குடுப்பேன்டி."