காதில் போட்டுக்கொள்ளாத அம்மா

அம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். நானும் அவளும் மட்டும் இருக்கிற வீட்டில் அது எவ்வளவு எரிச்சல் என்பது எனக்குத்தான் தெரியும். கோயம்புத்தூர் போட்டோ ஸ்டூடியோ ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் அடுப்பைப் பார்த்து நிற்கும்போது சொன்னேன். துணி காயப்போடும்போது பின்னாலேயே போய்ச் சொன்னேன். ஒரு வார்த்தை கிடையாது. போகாதே என்று திட்டவாவது செய்யலாமே. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தேன். ‘மூஞ்சில வெளிச்சம் விழுற மாதிரி நில்லுங்க’ என்று கல்யாணப் பெண்களை அதட்டுவதுதான் பிழைப்பு. அந்த வாரம் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் காலண்டருக்குப் படம் எடுக்க ஆர்டர் வந்தது. அம்மா வேலை பார்க்கும் மில். வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன், முதலாளி கேட்கவில்லை.

உள்ளே மிஷின் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் வாயே திறக்காதவள், அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே எதிர்வரிசைக்காரியிடம் உதட்டாலும் கையாலும் வம்பளக்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளுக்குப் பதில் சொல்ல மட்டும் நேரமில்லையாக்கும். கேமராவுக்குப் பின்னாலிருந்து, “இங்க பாரும்மா” என்று கத்தினேன். கேமராவை இறக்கு என்று கை காட்டினாள். நான் படம் எடுப்பதும் பிடிக்கவில்லை போல என்று, கோபத்திலேயே எடுத்துத் தள்ளினேன்.

மறுநாள் படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றிலும் அவள் யார் கண்ணையும் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் எதிராளியின் வாயைப் பார்த்தாள். மிஷின் சத்தத்தில் எல்லோரும் அப்படித்தான். ஆனால் டீ நேரத்தில் மரத்தடியில் எடுத்ததிலும் அதே பார்வை. மற்றவர்கள் டம்ளரைப் பார்த்துப் பேசுகிறார்கள், செல்லைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஒரு படத்தில் பக்கத்தில் இருப்பவள் அம்மாவின் தோளைத் தொட்டுத் திருப்புகிறாள். அடுத்த படத்தில்தான் அந்தப் பெண் வாய் திறக்கிறாள். பஸ் ஏறி வீடு வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“காது கேக்கலையாம்மா?”

என் உதட்டையே பார்த்தாள். “கேக்கும். முன்ன மாதிரி இல்ல. மில்லுல சொல்லிராத, வீட்டுக்கு அனுப்பிருவாக.”

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?”

“நீ எந்நேரமும் சிடுசிடுன்னு இருக்க. ரெண்டாந்தடவ கேட்டா கத்துவ. நேத்து மில்லுலயும் என்னமோ சொன்ன, அந்தக் கேமராப் பெட்டி வாய மறைச்சிருச்சு.”

கோயம்புத்தூர் வேலையை அவள் முகத்துக்கு நேராக, நிதானமாகச் சொன்னேன்.

“ஏட்டி, இத எப்பச் சொன்ன?”

அடுப்பையும் துணிக்கொடியையும் கை காட்டினேன். அவள் கீரைக்காம்புகளை ஒதுக்கிவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தாள்.

“போயிட்டு வா. சும்மா போன் போட்டா எனக்கு வெளங்காது, வீடியோல வா. மூஞ்சில வெளிச்சம் விழுற மாதிரி நின்னு பேசு.”