கூரைக்கு மேலே மாட்டாத அன்ரெனா

வெள்ளைப் பிளாஸ்டிக். கவிழ்த்து வைத்த தேநீர்க் கோப்பையின் அளவு. அடியிலிருந்து நீளமாய் ஒரு கறுப்பு வயர். கொழும்பு, கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் அத்தான் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. பிறந்த குழந்தையைக் கையில் வாங்கிய பிரமச்சாரி மாதிரி, வைத்திருக்கவும் பயம், கீழே வைக்கவும் பயம். அத்தான் என் அக்காவின் கணவர், கப்பல் முகவர் அலுவலகமொன்றில் தலைமை எழுதுநர். கடலைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும், அதில் கால் நனைப்பதைத் தவிர. முகத்துவாரத்துத் தண்டையல் ஒருவரோடு பங்குக்கு ஆழ்கடலில் மீன்பிடிக்கிற ஒரு பலநாள் படகு வாங்கியிருந்தார். அதை ஓட்டிப்போகிறவர் தண்டையல். கரையில் நின்று கவலைப்படுகிறவர் அத்தான். படகுக்கு ஒரு ஜீ.பி.எஸ். வாங்கத்தான் மூவரும் போயிருந்தோம். நான் போனது அத்தானுக்குத் துணையாக. என் சிங்களம் பஸ் டிக்கெட் எடுக்கும் அளவுக்குத்தான். அது போர்க்காலம். சோதனைச் சாவடியில் ஒருவர் திணறுவதற்குப் பதில் இருவர் திணறுவோம், அவ்வளவே என் உதவி.

கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்றில் அன்ரெனா பெட்டிக்குள்ளேயே அடக்கம். சுக்கானுக்குப் பக்கத்தில் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது. மற்றதில் அந்த வெள்ளைக் கோப்பையைச் சுக்கான் அறையின் கூரைக்கு மேலே மாட்டி, துளை போட்டு வயரை உள்ளே இறக்கவேண்டும்.

"ஐயா, வானத்தப் பாக்குற சாமானுக்கு மேல கூரையப் போட்டா அது எதப் பாக்கும்?" என்றார் தண்டையல்.

"துளை போட்டால் மழை ஒழுகும். அதோட, தூரத்திலயே தெரியும். நேவி மறிச்சு ஆர்ர படகு எண்டு கேட்டால் என்ர பேரையெல்லோ சொல்லவேணும்?" என்றார் அத்தான்.

"அவன்ட கப்பல் மண்டையிலயும் இதானே இருக்கு."

"அவன்ர மண்டையில இருக்கலாம். எங்கட மண்டையில இருக்கக்கூடாது."

கடைக்காரர் சிரித்தார். தண்டையல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அந்த வாக்கியத்தை அன்று பின்னேரமே நாலு பேருக்குச் சொல்லி நல்ல பெயர் வாங்கினேன். உள்ளே அன்ரெனா உள்ள பெட்டியைத்தான் வாங்கினோம்.

வெள்ளவத்தையில் எங்கள் வாழ்க்கை முழுவதுமே அப்படி உள்ளே அடக்கமாய்த்தான் இருந்தது. காலி வீதியில் பஸ் ஏறுமுன் அக்கா பொட்டை அழித்துவிடுவாள். தமிழ்ப் பத்திரிகை ஆங்கிலப் பத்திரிகைக்குள் மடிந்தபடிதான் வீடு வந்து சேரும். அயல் வீட்டுக் கூரைகளில் தொலைக்காட்சி அன்ரெனாக்கள் மீன்முள்ளாக நிற்க, எங்களுடையது மட்டும் பெட்டியின் தலையில் இரண்டு கம்பியாக நின்றது. கிரிக்கெட்டை எல்லாம் பனிப்பொழிவில் பார்த்தோம். பந்து போன திசை தெரியாமலே கைதட்டப் பழகினோம். பகிடிதான். ஆனால் பக்கத்துத் தெருவில் ஒருவரை, மொட்டைமாடியில் என்ன வயர் என்று கேட்டுப் பொலிஸார் கொண்டுபோய் மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். அது துணி காயப்போடுகிற கம்பி. ஆகவே அத்தானின் பயத்தை யாரும் பைத்தியம் என்று சொல்லமுடியாது. கொழும்பில் அது சரியான கணக்கு. அதே கணக்கைக் கடலுக்கும் போட்டுவிட்டார்.

துறையில் நின்றபோது பெட்டி ஒழுங்காகவே வேலை செய்தது. கூரை வெறும் ஃபைபர்தானே. முதல் மாரியில் துளை போடாத கூரையும் ஒழுகத் தொடங்க, கூட வேலை செய்தவர்கள் அதன்மேல் தகரம் அடித்தார்கள். தகரத்துக்குக் கீழே பெட்டி சில நேரம் இடத்தைக் காட்டியது, சில நேரம் செய்மதியைத் தேடிக்கொண்டே இருந்தது. தண்டையல் அதையும் ஒரு பகிடியாக வந்து சொன்னார். அடுத்த மாதம் மாற்றலாம் என்றார் அத்தான்.

அந்த மாதத்துக்குள் ஆழ்கடலில், கெட்ட காற்றில், இயந்திரம் நின்றுபோனது. ரேடியோவில் கேட்ட வேறொரு படகின் தண்டையல் பிறகு எங்களிடம் சொன்னார். "நிக்கிற இடத்து நம்பரச் சொல்லுங்க, வந்து இழுக்கிறம் எண்டு கேட்டன். பெட்டி இன்னும் தேடுது தம்பி, கொஞ்சம் பொறு எண்டார். திரும்பவும் கேட்டன். திரும்பவும் அதையே சொன்னார்." அதற்குப் பிறகு குரல் இல்லை. அவர்கள் குத்துமதிப்பாய் ஒரு பக்கம் தேடியிருக்கிறார்கள். தண்டையலும் கூடப்போன ஐந்து பேரும் வரவில்லை. ஒரு பலகைத் துண்டுகூட வரவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழிந்த பின் தண்டையலின் மனைவி வெள்ளவத்தைக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, அக்கா கொடுத்த தேநீரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"கூரைக்கு மேல மாட்டுற சாமான் இருந்திருந்தா நம்பர் வந்திருக்குமா, ஐயா? மத்த படகுக்காரங்க ரெண்டும் ஒண்டுதான்னு சொல்றாங்க."

குசினி வாசலில் நின்ற அக்கா, ஒண்டுதான் என்று சொல்லச் சொல்லி அத்தானைக் கண்ணால் கெஞ்சினாள். நானும் தரையைப் பார்த்தபடி அதையே வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சொல். இரண்டு வீடுகளும் அதை வைத்துக்கொண்டு எப்படியோ காலத்தை ஓட்டியிருக்கும்.

"ஒண்டில்லையம்மா," என்றார் அத்தான். "வந்திருக்கும். அவர் அதைத்தான் கேட்டவர். நான்தான் விடேல்லை."

"ஏன் ஐயா?"

"பயம்."

தண்டையலின் மனைவி கோபப்படவில்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ளப் பார்ப்பவர் போல, மெதுவாகக் கேட்டார். "எங்க வீட்டு ஆளுக்குப் பயமில்லையே, ஐயா?"

பிறகு கோப்பையை மேசையில் வைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பிப் போனார். அத்தான் சில கிழமைகள் கழித்து முகத்துவாரத்துக்குப் போய்ப் பார்த்தார். வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

போர் முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. வெள்ளவத்தையில் இப்போது சாவடிகள் இல்லை, மாடிகள்தான். அத்தான் எழுபதைத் தாண்டிவிட்டார். ஞாயிறு காலையில் கனடாவிலிருந்து மகள் போன் எடுப்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரையும் போல அவளும் எடுத்த எடுப்பில் கேட்பாள், "அப்பா, எங்க நிக்கிறியள்?"

அத்தான் தன் வீட்டில், தன் கதிரையில், போனைக் காதில் வைத்தபடி வாயைத் திறப்பார். ஒன்றும் வராது. அந்தப் பக்கத்தில் அவள் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அக்கா ஓடிவந்து போனை வாங்கி, "வீட்டிலதான் பிள்ளை, வீட்டிலதான் நிக்கிறார்" என்று சொல்லவேண்டும்.