மாப்பிள்ளையின் முன் பிரேக்

டின்கள் உருண்ட நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கண்டி டவுனில், வாவிக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு கராஜில் நான் பாஸ். எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்தவன் எவனும் பாஸ்தான்; கல் கட்டுகிறவனும் பாஸ், என்னைப் போல் சக்கரம் கழற்றுகிறவனும் பாஸ். பன்வில தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, கொழுந்துக் கூடை வேண்டாம், ஸ்பேனரே போதும் என்று டவுனுக்கு இறங்கியவன். பிரேக் வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பை மண்ணைக் கவ்வ வைத்த ஒரு கிழட்டு மோட்டார் சைக்கிளைப் பற்றி இளவட்டங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹமீது அதைத் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டையெல்லாம் புழுதி. ஹமீது தையல் மெஷின் விற்கிறவன். தோட்டம் தோட்டமாகப் போய் மெஷினைக் காட்டுவான், விற்பான், பழுதானால் அவனே பார்த்தும் கொடுப்பான். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துச் சின்னத் துரை விட்டுப்போன மோட்டார் சைக்கிள் அது. பின் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. இறக்கத்தில் ஆளைக் காப்பாற்ற வேண்டியது முன் பிரேக்தான்.

"என்னா தம்பி, ரோட்டுல படுத்து எந்திரிச்சு வாரீங்களா?" என்றேன்.

"பாஸ், என்ட கலியாணமே போச்சு" என்று பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான்.

மடவளையில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் காதர் ஹாஜியாரின் மகளை அவனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்து ஊர் முழுக்கக் கடைத்தெருவில் நிற்கும் நேரம் பார்த்து மாப்பிள்ளை இறக்கத்தில் வந்திருக்கிறார். பிரேக்கைப் பிடித்தால் அது பிடிக்கவில்லை. நேரே போய் மாமனார் கடை முன்னால் அடுக்கியிருந்த வெற்று டின்களில் மோதல். டின்கள் தெரு நெடுக உருண்டு, கடைசி டின் பள்ளிவாசல் படியில் போய் நின்றதாம்.

ஹாஜியார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "இந்த மெஷின்காரனுக்கு என்ட புள்ளய நம்பிக் குடுக்க ஏலா. பிரேக்கச் சரியாக்கிட்டு வரட்டும். நானே பின்னால குந்துவேன். நில்லுன்டு நான் சொல்ற எடத்துல நின்டா கலியாணம். இல்லாட்டி அவன் அவன்ட பாட்டுல போகட்டும்."

"சைக்கிள வித்துத் தொலைங்களேன்?"

"வித்தா தொழில் போச்சு பாஸ். தொழில் இல்லாதவனுக்கு யாரு பொண்ணு குடுக்கிற?"

அதுவும் நியாயம்தான். பையன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "கலியாணச் சோத்துல எனக்கொரு எடம் புடிச்சு வைங்க. இது ஒரு வேலையா?" என்று மார்தட்டினேன்.

இரண்டு லைனிங்

சக்கரத்தைக் கழற்றினால், ட்ரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூ இரண்டிலும் லைனிங் பட்டை தேய்ந்து, ரிவெட் தலை ட்ரம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தது. ட்ரம்மைத் தேய்த்துச் சமப்படுத்தினேன். புது லைனிங் வெட்டி, துளை போட்டு, செம்பு ரிவெட்டின் தலை உள்ளே அமுங்கும்படி அடித்து, ஓரம் இரண்டையும் அரத்தால் சரித்துவிட்டேன். நைந்துபோன கேபிளையும் மாற்றினேன். அம்பிட்டிய இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். லீவரைப் பிடித்ததும் 'கீச்' என்று மலைக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம். சைக்கிள் குத்துக்கல்லாக நின்றது.

"கத்துதேன்னு பயப்படாதீங்க தம்பி. புது லைனிங் கத்தும். கத்தினா புடிக்குதுன்னு அர்த்தம்" என்று அனுப்பினேன்.

அடுத்த வெள்ளி கத்திக்கொண்டே மடவளைக்குப் போனான். கோபமாக இருந்தாலும் ஹாஜியார் வீட்டில் பகல் சோற்றுக்கு மாப்பிள்ளை வராவிட்டால் அது வேறு குற்றமாம். சாப்பிட்டு முடித்து, ஹாஜியாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் விட்டிருக்கிறான். "நில்லு!" என்றாராம் ஹாஜியார். நிற்கவில்லை. கடையைத் தாண்டி, பள்ளிவாசலைத் தாண்டி, வயல் வரப்பு வரைக்கும் மாமனாரும் மருமகனும் ஊர்வலம் போயிருக்கிறார்கள். ஹாஜியார் ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் ஹமீதின் காதையும் பிடித்திருந்தாராம்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் ட்ரம் முழுக்க எண்ணெய்! லைனிங் ஊறிப்போய்க் கிடந்தது.

"மெஷினுக்கு எண்ணெய் போட்ட கையால இதுலயும் போட்டியாடா?" என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதை மறந்துவிடும்.

"அல்லாவே! சத்தியமா இல்ல பாஸ்!"

நான் நம்பவில்லை. திட்டிக்கொண்டே இன்னொரு லைனிங் அடித்துக் கொடுத்தேன். அதற்கடுத்த வெள்ளியும் போகும்போது கத்தியது, திரும்பும்போது வாயைத் திறக்கவில்லை. இந்த முறை வரப்பையும் தாண்டி வயலுக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். "இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அதோட சரி" என்று ஹாஜியார் சேற்றில் நின்றபடியே சொல்லி அனுப்பியிருந்தார். கராஜ் முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வயல் உழ இன்னும் எந்த சைக்கிள் வந்திருக்கு பாஸ்?" என்று கேட்கத் தொடங்கினார்.

கோழி இறகு

மூன்றாம் முறை கழற்றியபோது நான் திட்டவில்லை. ஷூவை எடுத்து மூக்கருகே வைத்தேன். மெஷின் எண்ணெய்க்கு இந்த வாசம் கிடையாது. சுத்தமான தேங்காய் எண்ணெய். லைனிங்கின் ஓரத்தில் ஒரு துண்டுக் கோழி இறகும் ஒட்டியிருந்தது.

"தம்பி, சாப்புடுற நேரம் சைக்கிள் எங்க நிக்கும்?"

"கடைக்குப் பின்னால, கொட்டில்ல."

"பக்கத்துல யாரு?"

"யாருமில்ல பாஸ். நான் பாக்கவும் ஏலா. தட்டு காலியானா மாமி திரும்பவும் சோத்தப் போடுவாங்க. எழும்ப விட மாட்டாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. எவனோ ஒரு படுபாவி இந்தக் கல்யாணத்தைக் கெடுக்க யாருக்கும் தெரியாமல் வேலை செய்கிறான். பெண்ணைக் கேட்டுக் கிடைக்காதவனாக இருக்கும். இல்லையென்றால் வேறு மெஷின் ஏஜெண்டாக இருக்கும். "வார வெள்ளிக்கெழம நானும் வாரேன். அவன் கைய ஒடிக்காம விட மாட்டேன்" என்றேன். சைக்கிளுக்குப் புது லைனிங் அடித்து மாட்டினேன்; அதே மாதிரி அடித்த இன்னொரு ஜோடி ஷூவைத் துணியில் சுற்றிப் பையில் போட்டேன். அதோடு எங்களிடமிருந்த பெரிய ஸ்பேனரையும் போட்டேன்.

அந்த வெள்ளி ஹமீது வீட்டுக்குள் போனதும் நான் கொட்டிலில் கொப்பரா மூட்டைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம். ஸ்பேனரை இறுக்கிப் பிடித்தேன்.

வந்தது காதர் ஹாஜியார்.

அங்குமிங்கும் பார்த்தார். சாரத்தை மடித்துக்கொண்டு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். இடுப்பிலிருந்து ஒரு சின்னப் போத்தலையும் ஒரு கோழி இறகையும் எடுத்தார். இறகைத் தோய்த்துத் தோய்த்து, ட்ரம் இடுக்கில் தொட்டில் பிள்ளைக்கு மருந்து தடவுகிற மாதிரி தடவினார். தடவிக்கொண்டே சைக்கிளோடு பேசினார்.

"கத்தாத வாப்பா, கத்தாத. மலையெல்லாம் ஏறி எறங்கி நோவுது என்ன? நல்லா பூசி விடுறேன். என்ட மருமவன பத்திரமா கொண்டு போய்ச் சேரு. ஏழப் புள்ள, நல்ல புள்ள."

ஸ்பேனர் என் கையிலிருந்து நழுவியது. விழுந்த சத்தத்தில் ஹாஜியார் துள்ளி எழுந்தார்.

"ஐயையோ ஹாஜியார்!" என்று தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தேன். "பிரேக்குக்கு யாராச்சும் எண்ணெய் போடுவாங்களா?"

"கத்துதே பாஸ்" என்றார், போத்தலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு. "நாப்பது வருஷம் மாட்டு வண்டில்ல எண்ணெய் ஏத்தினவன் நான். அச்சு கத்தினா எண்ணெய் வைக்கணும். வைக்காட்டி மாடு பாவம்."

"இது கத்தத்தான் வேணும் ஹாஜியார்! கத்தினாத்தான் நிக்கும்!"

அவர் சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப வயலுக்குள்ள எறக்கினது நான்தானா?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலில் முறைத்தார், பிறகு அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தபடி என் கையைப் பிடித்தார். "நான் மருமவன்டு சொன்னத அவன்ட்ட சொல்லிராத. தலைக்கு ஏறிரும்."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டில் விழுந்த மறுசோற்றையும் விட்டுவிட்டு, சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த ஹமீது கொட்டில் வாசலில் நின்றான். அவன் முகத்தைப் பார்த்தாலே எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரிந்தது.

நில்லு

ட்ரம்மைப் பெட்ரோலால் கழுவித் துடைத்து, கொண்டுபோன ஷூவை மாட்டினேன். ஹாஜியார் பக்கத்திலேயே கைகட்டி நின்றார். போத்தலை நான் பறிமுதல் செய்திருந்தேன்.

கடைத்தெருவில் ஊர் கூடிவிட்டது. வயல் பக்கமும் கொஞ்சம் பேர் போய் இடம் பிடித்திருந்தார்கள். இறக்கத்தின் உச்சியில் ஹாஜியார் பின்னால் ஏறினார். சைக்கிள் இறங்கியது. "நில்லு" வரும் வரும் என்று பார்க்கிறேன், மனுஷன் வாயைத் திறக்கவில்லை. டின் அடுக்குக்குக் கிட்டே வந்த பிறகுதான் "நில்லு!" என்றார். வேண்டுமென்றே செய்தார் என்று இன்றைக்கும் சொல்வேன்.

கீச்சென்று ஒரு சத்தம். மரத்திலிருந்த காகமெல்லாம் எழும்பியது. ஹாஜியாரின் தொப்பி பறந்து டின் மேல் போய் உட்கார்ந்தது. முன் டயர் டின்னை முத்தமிடுகிற தூரத்தில் சைக்கிள் நின்றது. ஒரு டின்கூட அசையவில்லை.

ஹாஜியார் நிதானமாக இறங்கித் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தெரு முழுக்கக் கேட்கும்படி வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். "புள்ளேய்! மருமவன் சோத்துல பாதியில எழும்பி வந்துட்டார். திரும்ப எடுத்து வைங்க!"

ஹமீது அழுதே விட்டான். நானும்தான், பொய் சொல்வானேன். கல்யாணத்தன்று பலரும் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தபோது, ஹாஜியார் என்னைத் தன் பக்கத்திலேயே இழுத்து வைத்துக்கொண்டு இறைச்சியை என் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தார்.

அன்றிலிருந்து ஒரே பிரேக் திரும்பத் திரும்பக் கெட்டு வந்தால், ஸ்பேனரை எடுக்கும் முன் நான் ஒரு கேள்வி கேட்பேன். இந்த வண்டி மேல் வீட்டில் யாருக்குப் பாசம்? நீங்களும் கேளுங்கள். பாதி வேலை அதில் முடிந்துவிடும்.

அந்தப் பிரேக் ரொம்ப காலம் கத்தியது. மடவளை இறக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் ஹாஜியார் கடையிலிருந்தபடியே "சோத்த வைங்க, புள்ள வாறார்" என்று சந்தோஷமாகக் குரல் கொடுப்பார். அப்போதும் அவர் கை மட்டும் எண்ணெய்ப் போத்தலைத் தேடிப் போகும். பாதி வழியில் ஞாபகம் வந்து, வெறுங்கையாகத் திரும்பித் தாடியைத் தடவிக்கொள்ளும்.