உப்பில்லாத பத்தியம்

பெருமாளுக்குச் சமைப்பவரைக் கட்டிக்கொண்டு சோற்றை விடுவது சாமானியக் காரியமில்லை. என் கணவருக்குத் திருவள்ளூரில் கோயில் மடப்பள்ளியில் வேலை. மாலையானால் தூக்குவாளியில் பொங்கலோ புளியோதரையோ வீட்டுக்கு வந்துவிடும். அதை நான் வேண்டாமென்று சொல்ல நேர்ந்ததற்குக் காரணம் ஒரு பஸ்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் கம்பெனியின் லேபில் எனக்கு வேலை. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தால் ஊத்துக்கோட்டை வருவதற்குள் நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும், இதோ செத்துவிடப் போகிறேன் என்று தோன்றும். "இன்னா மேடம், நல்லாத்தானே வந்துகினு இருந்தீங்க, எறங்கிக்கிறீங்களா?" என்பார் டிரைவர். இறங்கிவிடுவேன். எதிர்ப்பக்கம் நின்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடிப்பேன். கடைசியில் நீண்ட லீவு போட்டேன். அது முடிவதற்குள் தேறாவிட்டால் வேலை போய்விடும். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

மனநல டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் கொஞ்சம் தேவலை. கீட்டோ உணவு பதற்றத்துக்கு நல்லது என்று செல்போனில் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டேன். "சிலருக்குத் துணையா இருக்கு, எல்லாருக்கும்னு சொல்ல முடியாது. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க" என்றார். ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே சம்மதித்தார்.

சோறு கூடாது, சர்க்கரை கூடாது, நெய் தாராளமாக விடலாம் என்றதும் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நெய்தானே? அதை எங்கிட்ட விட்டுடு." மறுநாளே காலிஃப்ளவரைத் துருவி, மிளகும் சீரகமும் தாளித்து ஒரு பொங்கல். நெய் மிதந்தது, வீடே மணத்தது. ஆனால் அதிலும் சரி, அடுத்தடுத்துச் செய்த எதிலும் சரி, மருந்துக்குக்கூட உப்பில்லை. டயட் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

சில நாளில் தலை சுற்றியது. எழுந்து நின்றால் நெஞ்சு படபடத்தது. பஸ் ஏறாமலே பயம் வீட்டுக்குள் வந்துவிட்டதென்று உட்கார்ந்து அழுதேன். அவர் மிரண்டுபோய், அமாவாசையன்று ஊர் வழக்கப்படி எனக்காகக் குளத்தில் வெல்லம் கரைத்தார், கோயிலில் உப்பும் மிளகும் கொட்டினார். அப்படியே டாக்டரிடமும் அழைத்துப் போனார்.

"உப்பு சேர்த்துக்கறீங்கல்ல?" என்றார் டாக்டரம்மா.

"பத்தியத்துல உப்பு போடலாமோ?" என்றார் கணவர்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இது பத்தியம் இல்ல சார். இந்தச் சாப்பாட்டுல உடம்புல இருக்கிற உப்பு வெளிய போயிடும். நீங்களும் போடலைன்னா தலை சுத்தும், படபடக்கும்."

எனக்கு உயிர் வந்தது. கோயிலில் கொட்டிய உப்பில் ஒரு சிட்டிகை என் தட்டில் விழுந்திருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் சிரித்தேன். "ஏன்னா, ஒரு வாய் ருசி பாத்திருந்தா உப்பில்லாம எப்படி இருக்குன்னு தெரிஞ்சிருக்குமே" என்றேன்.

"தளிகையை ருசி பாக்கப்படாது, தெரியாதா நோக்கு?"

பெருமாளுக்குப் படைப்பதற்கு முன்னால் சமையல் சமைத்தவர் நாக்கில் படக்கூடாது என்பது மடப்பள்ளி வழக்கம். எல்லாம் கைக்கணக்குத்தான். வீட்டிலும் அவர் அப்படியே.

உப்பு சேர்ந்ததும் தலைசுற்றல் போனது. மாத்திரையோ, நெய்யோ, எது வேலை செய்ததோ, மெல்ல மனசும் லேசானது. லீவு முடிந்த திங்களன்று பஸ் ஏறினேன். ஊத்துக்கோட்டை நெருங்கியபோது கை சில்லிட்டது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எதையாவது செய்வோமென்று டிபன் பாக்ஸைத் திறந்தேன். சமமாக வழித்து வைத்த பொங்கலின் ஓரத்தில் ஒரு விரலளவு பள்ளம். ருசி பார்த்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நிமிர்ந்தபோது பஸ் ஊத்துக்கோட்டையைத் தாண்டியிருந்தது.