பிசிறு வெட்டியவர்

சட்டைக் கம்பெனியில் அவருக்குச் சம்பளம் கொடுப்பதே குறை சொல்லத்தான். தைத்து முடித்த சட்டை மேசைக்கு வந்ததும் காலரைத் திருப்புவார், கைமடிப்பை இழுத்துப் பார்ப்பார், பொத்தானைத் திருகுவார். தையலின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலுக்குப் பிசிறு என்று பெயர். அதைக் குட்டிக் கத்தரியால் வெட்டுவார். பிறகு 'போகலாம்' என்பார், இல்லையென்றால் 'போகாது' என்பார். இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் கௌரவமாகப் பிழைக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி. கம்பெனியில் அவரைச் செக்கிங் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வயதில் வந்த இடங்களையெல்லாம் அவர் வேலையிடத்துப் பழக்கத்தோடு பார்த்ததுதான் காரணம் என்று தங்கை சொல்வாள். வந்த இடங்களும் அவரைத் திருப்பிப் பார்த்திருக்கலாம் என்பதை அவள் சொல்வதில்லை. அண்ணன் மேல் அவ்வளவு பாசம். தங்கை வீட்டு மாடி அறையில்தான் அவர் வாசம். அறை சின்னது என்பதால் அவருடைய காகிதங்கள் மட்டும் கீழே, சாப்பாட்டு மேசையில் வாசம்.

காகிதங்கள் என்றால் சும்மா காகிதங்கள் இல்லை. சட்டைப் பெட்டியின் அட்டை, மடித்த சட்டைக்கு நடுவே வைக்கும் மெல்லிய தாள், வெட்டு மாஸ்டர் தூக்கிப் போட்ட அளவுத் தாள், ஜோடி தொலைத்த பொத்தான்கள். கம்பெனி குப்பையென்று ஒதுக்கியதையெல்லாம் மாலையில் பையில் போட்டுக்கொண்டு வருவார். மெல்லிய தாளைக் கசக்கிப் பிரித்து, அட்டையில் பசை தடவி ஒட்டுவார். சுருக்கங்கள் அப்படியே நிற்கும். அது காய்ந்ததும் மேலே வெள்ளைப் பெயின்ட் தேய்ப்பார். சுருக்கத்தின் முதுகில் மட்டும் வெள்ளை பிடிக்கும், பள்ளத்தில் பிடிக்காது. அதன்மேல் தேயிலைத் தண்ணீர், அதன்மேல் இலையை மையில் தோய்த்து ஒரு அச்சு, அதன்மேல் ஊசி நூலால் ஒரு தையல், கடைசியில் ஒரு பொத்தான். ஒவ்வொன்றும் காய வேண்டும். அவர் பொழுதுபோக்கில் பாதி நேரம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

"மச்சான், சாப்பிட ஒரு ஓரம் கிடைக்குமா? இல்ல, நானும் இப்படியே உக்காந்து காயணுமா?" என்பார் தங்கையின் கணவர். வேன் ஓட்டுகிறவர், பசியோடு வீட்டுக்கு வருகிறவர்.

"அஞ்சு நிமிஷம், மாப்ள."

"நேத்து சொன்ன அஞ்சு நிமிஷமா, இன்னிக்கு புதுசா?"

வாழ்த்து அட்டையோடு பருவத்துக்கு ஒரு டேக்கும் செய்வார். பரிசுப் பொட்டலத்தில் கட்டித் தொங்கவிடும் சின்னத் துண்டு. மழைக்கு நீல மை வழியவிட்டு, சாய்வாக வெள்ளி நூல் தைப்பார். பனிக்குப் பஞ்சைப் பிய்த்துப் பரப்புவார். வெயிலுக்கு அட்டையின் ஓரத்தை மெழுகுவர்த்தியில் லேசாகக் கருக்குவார். காற்றுக்குத்தான் எதுவும் அமையவில்லை. காற்றை எதை வைத்து ஒட்டுவது என்று பல நாள் யோசித்தார்.

"எதையுமே ஒட்டாம விடு அண்ணா. அதுதான் காத்து," என்றாள் தங்கை.

அவருக்கு இந்த மாதிரி நகைச்சுவை பிடிக்காது. ஆனால் காற்று டேக் இன்றுவரை வெறுமையாகத்தான் இருக்கிறது, நன்றாகவும் விற்கிறது.

விற்பது கம்பெனிக்குப் போகும் வழியிலுள்ள ஸ்டேஷனரி கடையில். கடைக்காரம்மா கல்லாவுக்கு மேலே ஒரு கம்பி கட்டி, அவருடைய அட்டைகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதைக் கடை முழுக்கத் தேடுகிற பெண்மணி. ஒரு காலத்தில் கல்யாணம் ஆகி, பிறகு அதையும் முடித்துக்கொண்டவர். யாராவது துருவிக் கேட்டால், "சரிப்பட்டு வரலை" என்று இரண்டு வார்த்தையில் அத்தனை வருஷத்தையும் மடித்து உள்ளே வைத்துவிடுவார்.

முதல்முறை அவர் அட்டைகளைக் கொண்டுவந்து நீட்டியபோது கடைக்காரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

"இது வேண்டாம் சார்."

"ஏன் மேடம்?"

"மடிப்பு ஒரு நூல் ஏறியிருக்கு. பாருங்க, மூடினா ஒரு பக்கம் எட்டிப் பாக்குது."

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏறித்தான் இருந்தது. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்குக் குறை சொன்னவருக்கு, முதல்முறையாக ஒருவர் சரியான குறை சொல்லியிருக்கிறார். மற்ற ஆண்களுக்குக் கண், பல், கூந்தல் என்று எங்கெங்கோ ஆரம்பிக்கும். இவருக்கு மடிப்பில் ஆரம்பித்தது.

ஆரம்பித்தது நிற்கவில்லை. கடைக்காரம்மாவைக் கேட்டுவிடுவது என்று ஒருநாள் முடிவு செய்தார். கேட்பதில் ஒரே ஒரு சங்கடம். இல்லை என்று சொல்லிவிட்டால் ஆளும் போய்விடும், கடையும் போய்விடும். தினமும் காலையில் கடை வாசலில் நின்று, மேலே தொங்குவதில் எது போயிருக்கிறது என்று பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரமும் போய்விடும். உண்மையைச் சொன்னால், ஒரு நாள் முழுவதிலும் அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். மீதியெல்லாம் கம்பெனிக்கோ, தங்கைக்கோ, பசைக்கோ உரியது.

வாயால் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆகவே ஒரு அட்டை செய்தார்.

அதுவரை அவர் செய்த அட்டைகளின் உட்புறம் வெறுமையாகவே இருக்கும். எழுதுவது வாங்குகிறவர் பாடு என்பது அவர் கொள்கை. இப்போது தானே எழுத வேண்டிவந்ததும் கை தடுமாறியது. கேள்வியை ஒரு டேக்கில் எழுதுவதாகத் திட்டம். பல டேக்குகள் வீணாயின. ஒன்றில் மை ஊறியது, ஒன்றில் பணிவு அதிகமாகி விண்ணப்பம் போல ஆகிவிட்டது, ஒன்றில் 'அன்புள்ள'வுக்குப் பிறகு எதுவும் வரவேயில்லை. எல்லாம் போகாது, போகாது என்று குப்பைக் கூடைக்குப் போயின. கடைசியில் ஒன்று தேறியது:

'மீதி நாட்களை நாம் சேர்ந்து கழிக்கலாமா? யோசித்துச் சொல்லவும். அவசரமில்லை.'

கீழே பெயர் எழுதப் போனவர், பழக்க தோஷத்தில், தேறிய சட்டைக்குக் குத்தும் கம்பெனி முத்திரையைப் பையிலிருந்து எடுத்து அழுத்தினார். வட்டத்துக்குள் அவருடைய செக்கிங் நம்பர்.

இந்த டேக்கை அட்டையின் முகப்பிலேயே ஒளித்துவைத்தார். நான்கு பருவமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய முகப்பு. மழைக்கும் பனிக்கும் நடுவே, வெளியே தெரியாதபடி ஒரு பை. டேக் அதற்குள் கச்சிதமாக இறங்கிக்கொள்ளும். டேக்கின் தலையில் ஒரு பொன்னிற நூல் கட்டி அதன் நுனியை மட்டும் வெளியே விட்டிருந்தார். நூலைப் பார்த்தால் யாருக்கும் இழுக்கத் தோன்றும். இழுத்தால் கேள்வி வெளியே வரும். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை கடைப் படியில் நின்று அட்டையைக் கடைசியாக ஒருமுறை திருப்பிப் பார்த்தார். உள்ளே போனார். நீட்டினார்.

"விக்கிறதுக்கு இல்ல மேடம். உங்களுக்கு."

கடைக்காரம்மா தலைமேலிருந்த கண்ணாடியை உடனே கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். சாய்த்துப் பார்த்தார், விரலால் தடவினார், உள்ளே திறந்து பார்த்தார். உள்ளே வெறுமை. மூடினார்.

"சார், இதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"நல்லாப் பாருங்க மேடம்."

"பாத்துட்டேன். ஒரு பிசிறு கூட இல்ல."

 அவர் அவசரமாகச் சட்டைப் பைக்குள் கையைவிட்டார். குட்டிக் கத்தரி. அதன் வாயில் ஒரு பொன்னிற நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. படியில் நின்று பார்த்தபோது கை தன் வேலையைச் செய்திருக்கிறது. நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கண்டால் வெட்டுவது. அத்தனை வருஷமாக அதற்குத்தானே கைக்குச் சோறு.

கடைக்காரம்மா அட்டையைக் கல்லா மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். பத்திரமாக. எல்லோரும் பார்க்கும்படியாக.

அதற்குப் பிறகு அவர் காலையிலும் போனார், மாலையிலும் போனார். சும்மா போக முடியாதே, ஒவ்வொரு தடவையும் எதையாவது வாங்கினார். வீட்டில் பசை டப்பாக்கள் வரிசை கட்டின. "கண்ணாடிக்கு அடில புழுக்கமா இருக்கும், அப்பப்ப வெளிய எடுத்துப் பாருங்க," என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "மை மங்கிடும் சார், இருக்கட்டும்," என்றார் கடைக்காரம்மா. இன்னொரு நாள், "முகப்பு கொஞ்சம் தடிமனா இல்ல?" என்றார். "உங்க வேலையே அப்படித்தானே," என்று பதில் வந்தது.

வீட்டிலோ எல்லோருக்கும் விஷயம் தெரியும். குப்பைக் கூடையைக் கொட்டுவது தங்கை. தெரியாதவர் ஒரே ஒருவர்தான். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்.

"நான் வேணா போய்ப் பேசட்டுமா அண்ணா?"

"வேண்டாம்."

"அப்ப நீயே சொல்லு."

"பாக்கலாம்."

"என்ன பாக்கலாம்? சட்டையைப் பாத்ததும் போகலாமா போகாதானு பட்டுனு சொல்ற ஆளுதானே நீ?"

"சட்டை திருப்பி எதுவும் சொல்லாது," என்றார் அவர்.

"விடு, அவரை நச்சரிக்காத," என்றார் வேன்காரர். "மச்சான், எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். அந்த அம்மா சரின்னுட்டா, மேசையையும் கூடவே எடுத்துட்டுப் போயிருங்க. நாங்க தரையில உக்காந்து நிம்மதியா சாப்பிடுவோம்."

இப்படியே எவ்வளவு காலம் வேண்டுமானாலும் போயிருக்கும். ஒருநாள் காலையில் ஒரு வங்கி அதிகாரி அம்மாள் கடைக்கு வராமலிருந்தால்.

வங்கி அம்மாளின் மேலதிகாரிக்குப் பணி ஓய்வு. அலுவலகம் முழுவதும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஒரு அட்டை வேண்டும். கம்பியில் தொங்கியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த அட்டையை விரலால் காட்டினார். "இதுதான் வேணும்."

"அது எனக்குக் கொடுத்தது," என்றார் கடைக்காரம்மா.

"சாயங்காலமே விழா. நாலு கடை ஏறி இறங்கிட்டேன். மனசு வைங்க."

கடைக்காரம்மா அங்கே பசை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற செக்கிங்கைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சார், கொடுத்துடலாமா? எனக்கு நிதானமா இன்னொண்ணு செஞ்சு தர மாட்டீங்களா?" அவர் வாய் திறப்பதற்குள் கண்ணாடி தூக்கப்பட்டு, அட்டை வெளியே வந்து, வங்கி அம்மாளின் கைக்குப் பாதி வழி போய்விட்டது.

அன்று மாலை ஒரு மேலதிகாரி, அலுவலகமே கையெழுத்துப் போட்ட அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மீதி நாட்களைச் சேர்ந்து கழிக்கலாமா என்று யாரோ கேட்டிருப்பதைக் கண்டுபிடிப்பார். பெயருக்குப் பதில் ஒரு நம்பர் இருக்கும். இதெல்லாம் செக்கிங்கின் கண்முன் ஒரு நொடியில் ஓடியது.

"அது போகாது!" என்றார்.

கடையே திரும்பிப் பார்க்கும் சத்தம். கடை என்றால் இரண்டு பேர்.

"ஏன் சார்?"

"குறை இருக்கு."

"இதுலயா? எங்க?"

"மழைக்கும் பனிக்கும் நடுவுல. நூல் இருக்கணும். இல்ல."

கடைக்காரம்மா அந்த இடத்தை நகத்தால் நெருடினார். தாள் லேசாக வாய் திறந்தது. கல்லாவுக்குள்ளிருந்து ஒரு சின்ன இடுக்கியை எடுத்து உள்ளே விட்டு, மெதுவாக இழுத்தார். டேக் வந்தது. படித்தார். திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி படித்தார். செக்கிங் அந்த நேரம் பசை டப்பாவின் காலாவதித் தேதியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இது விக்கிறதுக்கு இல்லம்மா," என்றார் கடைக்காரம்மா. வங்கி அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே காற்று டேக் தைத்த ஒரு அட்டையை வாங்கிக்கொண்டு போனார்.

"இது என்ன வட்டம்?"

"என் செக்கிங் நம்பர்."

"அப்ப நான் பாஸா?"

"நீங்க இல்ல மேடம்... எழுதினது."

"கேள்வியை உள்ள ஒளிச்சு வச்சு, நூலையும் வெட்டிட்டா, பதில் எந்த வழியா சார் வரும்?"

"வெட்டினது கை. நான் இல்ல."

கடைக்காரம்மா சிரித்தாரா என்று சொல்வது கஷ்டம். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டார்.

"அட்டைக்கெல்லாம் நான் பதில் சொல்றதில்ல. வாயால கேளுங்க."

அவர் டப்பாவைக் கல்லா மேசையில் வைத்தார்.  "உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில எதையும் காய வைக்க மாட்டேன்," என்றார்.

"அது கேள்வி இல்ல சார்."

"சேந்து இருக்கலாமா?"

கடைக்காரம்மா டேக்கை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார். மடிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"இருக்கலாம்," என்றார். "ஊரைக் கூட்டாம, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டா போதும். அழைப்பிதழ் நீங்க செய்ய வேண்டாம். ஆரம்பிச்சா அடுத்த வருஷம்தான் காயும்."

அவர் தலையாட்டிவிட்டு, எடுத்த பசையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கம்பெனிக்குப் போனார். அன்று மதியம் அவருடைய மேசையைத் தாண்டிய சட்டைகளில் ஒன்றுக்கு வலது கை நீளம், இடது கை குட்டை என்று பிறகு புகார் வந்தது. சூப்பர்வைசர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து முகத்துக்கு நேரே விரித்தார்.

"என்ன செக்கிங், இதைப் போய் எப்படிய்யா விட்டே?"

அவர் சட்டையின் இரண்டு கையையும் அருகருகே வைத்து அளந்து பார்த்தார். வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

"போகலாம்னு தோணிச்சு," என்றார்.